பெருக்கணுமா, வகுக்கணுமா?

ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு மாடி போர்ஷன்ல சாயந்திரம் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். கீழே லேத் பட்டறை. நடுவுல சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு இரண்டு நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கணக்கைப் பற்றிப் பேசலாம். ஒன்று அமெரிக்கா, இன்னொன்று நாம. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தது ஓஇசிடி அமைப்பு நடத்தும் பிசா தேர்வு. 2009 சுற்றின் நீட்டிப்பாக, 2010இல் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதை எழுதின. அதனால நம்ம பக்கத்துக்கு நான் சொல்லப்போறது தமிழ்நாட்டு எண் மட்டும்தான். மொத்த இந்தியாவோட எண் இல்லை.

கணக்கில் தமிழ்நாட்டின் சராசரி 351. அமெரிக்காவின் சராசரி 487. இந்தத் தேர்வில் இரண்டாம் நிலை என்று ஒரு அடிப்படைக் கோடு உண்டு. எளிய அன்றாட விஷயத்தைத் தானாகவே கணக்காக மாற்றிப் போடத் தெரிந்தால் அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம். அமெரிக்காவில் அதைத் தொடாதவர்கள் சுமார் 23 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 85 சதவீதம். இத்தனைக்கும் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள்தான் எழுதினார்கள். படிப்பை நிறுத்தினவங்க இந்தக் கணக்கிலேயே வரலை.

2022இல் அமெரிக்கச் சராசரி 465க்கு இறங்கியது. கோட்டுக்குக் கீழே 34 சதவீதம். அவங்களுக்கும் பிரச்சினை இருக்கு, ஆனா அளந்து பார்க்கிறதை நிறுத்தலை. நாம 2012 சுற்றிலிருந்தே விலகிக்கிட்டோம். கேள்விகள் நம் சமூக, பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தலைன்னு காரணம் சொன்னாங்க. 2022லயும் நாம எழுதலை.

அந்தக் காரணம் சரியான்னு எனக்கே பார்க்கத் தோணுச்சு. பிசா வெளியிட்ட பழைய கேள்வி ஒன்று. சிங்கப்பூர் மாணவி தென்னாப்பிரிக்கா போய்த் திரும்புகிறாள். கையில் மிச்சம் 3900 ராண்ட். ஒரு டாலருக்கு 4 ராண்ட் என்றால் எத்தனை டாலர் கிடைக்கும்? இது இரண்டாம் நிலைக் கேள்வி. ராண்ட் நம்ம பிள்ளைகளுக்குப் புதுசுதான். அதனால நான் அதை மாற்றிட்டேன். துபாய்ல வேலை பார்க்கிற மாமா ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போறார். கையில் 4400 ரூபாய். ஒரு திர்ஹாமுக்கு 22 ரூபாய். எத்தனை திர்ஹாம்?

பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட கொடுத்தேன். ஸ்கூல்ல நல்ல மார்க் வாங்குறவ. இருபடிச் சமன்பாடு கொடுத்தா கடகடன்னு போடுவா. பெருக்கி, 96,800 திர்ஹாம்னு எழுதிட்டா. "ஏம்மா, மாமா இவ்வளவு பணக்காரரா?"ன்னு கேட்டேன். தாளைப் பார்த்துச் சிரிச்சுட்டு, வகுத்து 200ன்னு திருத்தினா. அப்புறம் ஒண்ணு சொன்னா: "சார், புக்குல எந்தச் சாப்டர்னு தெரியும். இதுல தெரியலையே."

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ரூபாயும் மாமாவும் அவளுக்குத் தெரிஞ்ச சூழல்தான். அவளுக்குக் கிடைக்காமப் போனது பாடத்தலைப்பு. அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் எனக்கும் பங்கு இருக்கு. 'இந்தக் கணக்குக்கு இந்தச் சூத்திரம்'னு வருஷக்கணக்கா சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. ஒரு பொண்ணை வெச்சு மாநிலத்தையே எடை போட முடியாது. பெற்றோர் படிக்காத வீடுகள், பாடத்துக்கு வெளியே எதையும் எடுக்க ஆசிரியருக்கு நேரமின்மைன்னு காரணங்கள் நிறைய. ஆனா சூழல் பொருந்தலைங்கிற ஒரே பதில் எனக்குப் போதலை.

இப்போ வெள்ளிக்கிழமை தோறும் தலைப்பே இல்லாம அஞ்சு கணக்கு கொடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பாடத்துலேர்ந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் கலந்து இருக்கும். போடுறதுக்கு முன்னாடி, விடை 100க்குப் பக்கமா, 1000க்குப் பக்கமான்னு ஒரு வரி எழுதணும். "இதுக்கு மார்க் வருமா சார்?"னு ஒரு அப்பா கேட்டார். "பொதுத்தேர்வுல வராதுங்க"ன்னு உண்மையைச் சொன்னேன். பையனை நிறுத்தலை, அனுப்பிட்டுத்தான் இருக்கார்.

உங்க வீட்டுல பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தா, இந்தத் துபாய் மாமா கணக்கைக் கொடுத்துப் பாருங்க. பெருக்கினா திட்டாதீங்க. "ஏன் பெருக்கினே?"ன்னு கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.