சுவரைக் கேட்போம், கானையும் சேர்த்துக் கேட்போம்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார்களுக்கான வீடமைப்புப் பாதுகாப்புக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம் பேச நமக்குப் பல கூட்டங்கள் உண்டு. இன்று லயத்துக்குப் பின்னால் நிற்கும் சுவரைப் பற்றிப் பேசப் போகிறோம். சிலர் அதைத் தடுப்புச் சுவர் என்பார்கள், சிலர் அணை என்பார்கள், கந்தோர்க் கடிதங்களில் தாங்குசுவர் என்று எழுதுவார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். வெட்டிய மண்மேடு நம் வீட்டுக்குள் வராமல் பிடித்து நிற்பது.

நம்முடைய லயங்கள் பலவும் மலைச்சரிவை வெட்டிக் கட்டப்பட்டவை. பின்பக்கம் வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி நிரவினார்கள். அதனால் பின்னால் ஒரு மேடு, முன்னால் ஒரு பள்ளம். வீட்டுக்கென்று கொடுக்கப்பட்ட ஏழு பேர்ச் காணியும் பல இடங்களில் சரிவுதான். ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. அதில் வீடும் முற்றமும் எடுக்க வேண்டுமானால் மறுபடியும் மலையை வெட்டத்தான் வேண்டும். வெட்டிய இடத்தில் சுவர் வேண்டும். இதனால்தான் சுவர் நம்முடைய கோரிக்கையாகிறது. கோரிக்கை வைப்பவர்களுக்கு எதைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மண் எவ்வளவு தள்ளுகிறது?

மண் சும்மா நிற்பது போலத் தெரியும். ஆனால் வெட்டிய மேடு எப்போதும் முன்னால் வரவே பார்க்கும். மேலே தள்ளு குறைவு, அடியில் போகப் போகக் கூடும். ஒரு கணக்குச் சொல்கிறோம். பொறியியலாளர்கள் போடும் கணக்கின் எளிய வடிவம் இது. சாதாரண மண், மேல்தளம் சமம், தண்ணீர் தேங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 6 அடி உயரச் சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் மண் ஏறத்தாழ 310 கிலோ பலத்தில் தள்ளுகிறது. ஒரு லய அறையின் பின்னால் 12 அடி நீளச் சுவர் இருந்தால், அதன் மீது மட்டும் மூன்றரைத் தொன்னுக்கு மேல்.

சுவரை 12 அடி உயரமாக்கினால் தள்ளு இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் பலமோ எட்டு மடங்கு. ஆறு அடிச் சுவரின் மேல் இன்னும் நாலு வரி கல் ஏற்றி மண்ணை நிரப்புவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சுவர் தோற்பது மூன்று விதத்தில். ஒன்று, தலை முன்னால் சாய்ந்து கவிழும். இரண்டு, அடியோடு முன்னால் வழுக்கி வரும். மூன்று, அத்திவாரத்தின் கீழுள்ள மண் தாங்காமல் அமிழும். கவிழ்க்கும் பலத்தைப் போல இரண்டு மடங்காவது எதிர்த்து நிற்க வேண்டும், வழுக்கும் பலத்தைப் போல ஒன்றரை மடங்காவது நிற்க வேண்டும் என்பது பொறியியலாளர்கள் வழக்கமாகப் பார்க்கும் அளவு.

தண்ணீர் வந்தால் கணக்கு மாறும்

இப்போது ஒரு கருங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். 6 அடி உயரம், அடியில் மூன்றரை அடி தடிப்பு, உச்சியில் ஒன்றரை அடி. சீமெந்துச் சாந்தில் கட்டியது. ஓர் அடி நீளத்தின் எடை சுமார் 975 கிலோ. தரையோடு அது பிடித்து நிற்கும் பலம் எடையில் பாதி என்று எடுத்தால் 490 கிலோ. மண் தள்ளுவது 310. ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். சுவர் நிற்கும்.

அதே சுவரின் பின்னால் உச்சி வரை தண்ணீர் தேங்கினால்? மண்ணும் தண்ணீரும் சேர்ந்து தள்ளுவது சுமார் 670 கிலோ. பிடித்து நிற்பது அதே 490தான். சுவர் முன்னால் வரும். கல் அதே கல், மேசன் அதே மேசன். தண்ணீர் வெளியேற வழியில்லாததுதான் வித்தியாசம்.

ஆகவே சுவர் என்று கேட்கும்போது நாம் பாதியைத்தான் கேட்கிறோம். மற்றப் பாதி கான்.

எத்தனை வகைச் சுவர்?

முதலாவது, சாந்து இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டியது. பழைய தேயிலை மலைகளில் நம் முன்னோர் அடுக்கிய கல் வரிகள் இந்த வகை. கல்லுக்கு இடையில் தண்ணீர் தானாக வடியும். அதனால்தான் பல வருடங்களாக நிற்கின்றன. ஆனால் தாழ்ந்த உயரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாவது, சாந்து வைத்த கருங்கல் சுவர். இது தன் எடையால் நிற்பது. அடித் தடிப்பு உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. 6 அடிச் சுவருக்கு ஒன்றரை அடி அடி போட்டால் அது மதில், தாங்குசுவர் அல்ல.

மூன்றாவது, கேபியன் என்று சொல்லும் கம்பிவலைக் கூடைச் சுவர். கூடைக்குள் கல்லை நிரப்பிப் படி போல அடுக்குவது. தண்ணீர் நன்றாக வடியும், தரை சற்று அமிழ்ந்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். வலை துருப்பிடிக்காத பூச்சு உள்ளதாக இருக்க வேண்டும்.

நான்காவது, கம்பி கட்டிய கொங்கிரீட் சுவர். பக்கவாட்டில் பார்த்தால் எல் எழுத்துப் போல இருக்கும். அதன் அடித்தட்டு மண்ணுக்குக் கீழே பின்னால் நீண்டிருக்கும். அந்தத் தட்டின் மேல் உட்காரும் மண்ணின் எடையே சுவரைப் பிடித்துக்கொள்ளும். மண்ணை மண்ணாலேயே கட்டிப்போடுவது. இதில் பிரதான கம்பி மண் பக்கமாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் கம்பி வைத்தால் பயனில்லை. உயரம் அதிகமானால் பின்னால் முக்கோணத் தாங்கிகள் சேர்ப்பார்கள்.

ஐந்தாவது, மேட்டுக்குள் துளையிட்டு, இரும்புக் கம்பியைச் செலுத்தி, சீமெந்துக் குழம்பால் இறுக்கி, முகப்பில் கொங்கிரீட் விசிறுவது. பெரிய வீதியோரங்களில் காண்கிறோம். செலவு அதிகம், நிபுணர் இல்லாமல் செய்ய முடியாது.

ஆறு அங்குல புளொக் கல்லை வரிசையாக வைத்து, பூசி, சுண்ணாம்பு அடித்து, பின்னால் மண்ணை நிரப்புவது இந்த ஐந்தில் ஒன்றும் அல்ல. பார்வைக்கு அழகாக இருக்கும். அப்படி ஒன்றைக் கட்டிவிட்டு கையெழுத்துக் கேட்டால், தலைவர்மார் போட வேண்டாம்.

வேலை நடக்கும்போது எதைப் பார்ப்பது?

அத்திவாரம் நிரப்பிய மண்ணில் அல்ல, வெட்டாத கெட்டி நிலத்தில் இறங்கியிருக்கிறதா? சுவரில் மூன்று அங்குலக் குழாய்கள் ஐந்தாறு அடிக்கு ஒன்றாக, முன்னால் சரிவாக வைக்கப்பட்டிருக்கின்றனவா? சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓரடி அளவுக்குச் சல்லிக்கல் போட்டார்களா, வெட்டிய களிமண்ணையே திரும்பத் தள்ளினார்களா? சல்லிக்குள் மண் புகாமல் வடிதுணி விரித்தார்களா? மேட்டின் உச்சியில் மழைநீரைத் திருப்பிவிடச் சீமெந்துக் கான் உண்டா? அந்தக் கான் எங்கே போய் முடிகிறது? பக்கத்து லயத்தின் தலையில் முடிந்தால் நம் ஆபத்தை அங்கே அனுப்பியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இவற்றைப் பார்க்கப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. கான் வெட்டத் தெரிந்த நமக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சல்லியும் குழாயும் மூடப்படுவதற்கு முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு யார் சொன்னாலும் வாய்ப்பேச்சுத்தான்.

நம் கையில் உள்ளதும் உண்டு. குளிக்கும் தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் சுவருக்குப் பின்னால் விடக் கூடாது. மலசலகூடக் குழியைச் சுவரின் மேல்பக்கம் ஒட்டி வெட்டக் கூடாது. குசினியை நீட்டுவதற்காகச் சுவரின் அடிமண்ணைத் தோண்டக் கூடாது. இடமில்லாமல்தான் செய்கிறோம், தெரியும். ஆனால் அடியைத் தோண்டினால் சுவருக்குக் காலை வெட்டியது போல.

சுவர் சொல்லும் அடையாளங்கள்

சுவர் நடுவில் வயிறு தள்ளினால், உச்சி முன்னால் சாய்ந்தால், படுக்கை வாட்டில் வெடித்தால் கவனிக்க வேண்டும். நல்ல மழையிலும் குழாயில் ஒரு சொட்டுக்கூட வராவிட்டால் குழாய் அடைத்துவிட்டது. கலங்கிய தண்ணீர் வந்தால் உள்ளே மண் கரைகிறது. மேட்டின் உச்சியில் விளிம்புக்கு இணையாக நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், கதவு திடீரென்று இறுகினால், புது ஊற்று கிளம்பினால் அல்லது ஓடிய ஊற்று நின்றுபோனால், அது சுவரின் பிரச்சினை மட்டும் அல்ல. மலையே நகரத் தொடங்கியிருக்கலாம். அந்த வீட்டில் அன்றிரவு படுக்க வேண்டாம்.

சுவர் போதாத இடம்

இனிச் சொல்வது இந்த உரையின் முக்கியமான பகுதி. சுவர் வெட்டிய மேட்டைத் தாங்கும். மலையைத் தாங்காது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே எத்தனை அடிச் சுவர் இருந்திருந்தாலும் அந்த மண்ணோடு போயிருக்கும். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. மாற்று இடத்தைக் கொடுக்காமல் எழும்பிப் போ என்று சொல்வது எச்சரிக்கை அல்ல, பொறுப்பைக் கைகழுவுவது.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பட்டியல் வேண்டும். சுவரும் கானும் போட்டால் காப்பாற்றக்கூடிய லயங்கள் ஒரு பட்டியல். எந்தச் சுவராலும் காப்பாற்ற முடியாத, இடம் மாற்றியே ஆக வேண்டிய லயங்கள் மறு பட்டியல். எது எந்தப் பட்டியல் என்பதை நிர்வாகமும் முடிவு செய்யக் கூடாது, நாமும் ஊகிக்கக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்த்து எழுத்தில் தர வேண்டும். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுதியும் கேட்கலாம்.

இரண்டாம் பட்டியலில் உள்ள லயத்துக்குச் சுவர் கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டாம். அந்தச் சுவர் இன்னும் பத்து வருடம் அங்கேயே இருங்கள் என்று சொல்வதற்கான சாட்டு. அங்கே நம் கோரிக்கை காணி.

நம் கோரிக்கைகள்

ஒன்று, சரிவில் கொடுக்கும் எந்த வீட்டுத் திட்டத்திலும் சுவர், கான் செலவு வீட்டின் செலவோடு சேர்க்கப்பட வேண்டும். வீட்டைக் கொடுத்துவிட்டுச் சுவரைக் கடன் வாங்கிக் கட்டிக்கொள் என்று தொழிலாளியிடம் சொல்லக் கூடாது. இரண்டு, சுவரின் வரைபடமும் மதிப்பீடும் வேலை தொடங்குமுன் தோட்டக் கமிட்டிக்குத் தரப்பட வேண்டும். மூன்று, மழைக்கு முன் லயத்துக் கான்களைத் துப்புரவு செய்வது பெயர் போட்டுச் சம்பளம் கொடுக்கும் வேலையாக இருக்க வேண்டும். தேயிலைக்குக் கான் வெட்டப் பெயர் போடும் நிர்வாகம், அந்தத் தேயிலையைப் பறிக்கிறவர் வீட்டுக் கானுக்கும் போடட்டும்.

மழைக்காலத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 கடந்தால் ஆயத்தம், 150 கடந்தால் வெளியேறுவது. மழைமானி இல்லாத தோட்டத்தில் நேர்ச்சுவருள்ள ஒரு தகரப் பேணியை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலும் ஓரளவுக்குத் தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. ஒவ்வொரு லயத்திலும் வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகளை யார் கூட்டிப் போவது, கோவிலா பாடசாலையா எங்கே போவது என்பதை இன்றே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தங்கள் தோட்டத்துச் சுவர்களின் படத்தையும், குழாய் அடைத்த சுவர்களின் எண்ணிக்கையையும் கொண்டு வாருங்கள். அவற்றைச் சேர்த்துத்தான் நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் போகும். நாளைக் காலையில் மலைக்குப் போகுமுன் லயத்துக்குப் பின்னால் ஒரு தடவை நடந்து பாருங்கள்.