தமிழ்நூலின் அடக்கவிலை



ஒரு தமிழ்நூலின் விலையைக் கேட்டதும், "இத்தனை உருபாவா?" என்று மலைப்பவர் பலர். அதன் அடக்கவிலை என்ன என்று கேட்பவர் மிகச் சிலர். அதனை எழுதி அச்சேற்றியவன் வீட்டில் எது விலைபோயிற்று என்று கேட்பவர் ஒருவருமிலர். இன்றைய பொழிவு அம் மூன்றாம் வினாவைப் பற்றியது. ஆயினும் இரண்டாம் வினாவின் கணக்கு விளங்காமல் மூன்றாவதற்குள் நுழைதல் இயலாது. ஆகவே முதற்கண் சிறிது கணக்கு.

டெம்மி என்று அச்சகத்தார் வழங்கும் அளவுத் தாள் ஒன்றை எட்டு ஏடாக மடித்தால், இருபுறமும் சேர்ந்து 16 பக்கமாகும். இப் பதினாறு பக்கத் தொகுதிக்கு அச்சகங்களில் 'பாரம்' என்று பெயர். 'பார்ம்' என்னும் ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவிற் புகுந்து பாரமாயிற்று. சுமையைக் குறிக்கும் பாரமோ வடசொல். இரண்டும் தமிழல்ல, ஆனால் இரண்டும் தமிழாசிரியன் தலைமேல்தான் ஏறியுள்ளன! நாம் படிவம் என்றே சொல்வோம். 160 பக்க நூலுக்குப் படிவம் பத்து. ஆயிரம் படி அச்சிடப் பதினாயிரம் தாள் வேண்டும். 500 தாள் கொண்ட கட்டு இருபது. ஓட்டத்தில் கிழிவதற்கும் கறைபடுவதற்கும் மேலும் ஒரு கட்டு. இது வெறுந்தாட் செலவு. அச்சுக்கோப்பு, மெய்ப்புத் திருத்தம், ஓட்டுகூலி, மேலட்டை, தையல், கட்டடம் ஆகியவை வேறு.

இவற்றுள் ஒரு நுட்பம் உண்டு. தாட்செலவு படிகளின் தொகைக்கேற்பக் கூடும், குறையும். அச்சுக்கோப்புச் செலவு அத்தகையதன்று. நூறு படி அடித்தாலும் ஆயிரம் படி அடித்தாலும் அஃது ஒன்றே. ஈயவெழுத்துக் காலத்தில் இடர்ப்பாடு இன்னும் மிகுதி. அச்சகத்தாரிடம் எழுத்து அளவாகவே இருக்கும். ஆதலால், ஒரு படிவம் ஓடி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அறைப்பெட்டியிற் போட்டுவிடுவர். மறுபதிப்பு வேண்டுமாயின் முதலெழுத்திலிருந்து மீண்டுங் கோக்க வேண்டும். ஆகவே ஆசிரியன் என்ன செய்தான்? முந்நூறு பேரே வாங்குவர் என்று தெரிந்தும், ஒரு படியின் அடக்கவிலையைத் தாழ்த்துதற்பொருட்டு ஆயிரம் அடித்தான். முந்நூறு விற்றது. எஞ்சிய எழுநூறும் கட்டிலின் கீழே கறையான் உணவாயின. சிக்கனத்திற்காகக் கூட்டிய தொகையே கடனாகி நின்றது.

தாளின் விலை தமிழச்சின் உருவையே மாற்றியதுண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயருக்குச் செருமனியின் ஆலே நகரினின்று வந்த தமிழெழுத்துகள் மிகப் பெரியன. அவற்றால் அச்சிட்டால் தாள் மிகுதியாகச் செலவாகும்; தாளோ கப்பலில் வரவேண்டும். எனவே அங்கேயே சிற்றெழுத்துகள் வார்க்கப்பெற்றன. அதற்குப் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயம் பயன்பட்டது என்பர். 1715-இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. அடுத்திருந்த பொறையாற்றில் தாள் ஆலையும் நிறுவப்பட்டது. பின்னால் ஒரு விடையூழிய நிறுவனமும் அயல்நாட்டுப் பணமும் இருந்தவர்க்கே இந் நிலை!

1835-இல் அச்சுத்தடை நீங்கி, இந் நாட்டவர் தாமே அச்சகம் வைக்கும் உரிமை தெளிவாயிற்று. 1849-இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சென்னைக்கு வந்து அச்சுப்பொறி வாங்கிச் சென்றார். பிறர் அச்சகத்திற்குக் கூலி கொடுத்து மாளாதென்று கண்டவர் பலரும் அவ்வழியிற் சென்றனர். மறைமலையடிகள் பல்லாவரத்தில் தமக்கென அச்சகம் வைத்ததும் அவ்வகையினதே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் செய்தது அதனினும் பெரிது. இசைத்தமிழாராய்ச்சிக்காக மாநாடுகளைத் தம் பொருளிற் கூட்டினார். அச்சகமும் தாமே நிறுவினார். 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ஆயிரம் பக்கங்களைக் கடந்த அப் பெருநூலுக்குப் பணம் தந்தவர் அரசருமல்லர், மடத்தாருமல்லர். அவர் விற்ற சித்த மருந்துகளே தந்தன. நோயாளர் கொடுத்த காசு தமிழிசையாயிற்று.

மருந்தும் இல்லாத ஆசிரியன் நிலை யாது? சென்னைப் பச்சையப்பன் கல்விநிலையத்தில் தமிழாசிரியராயிருந்த சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்து அபிதான சிந்தாமணியைத் தொகுத்தார். (பெயர் வடமொழியேனும் உழைப்புத் தமிழுழைப்பே.) அச்சிடுதற்குப் பொருளில்லை. பலரை அணுகியும் பயனில்லை. இறுதியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுக்க, 1910-இல் அது மதுரைத் தமிழ்ச்சங்க வெளியீடாக வந்தது. தேவர் அடுத்த ஆண்டே மறைந்தார். இரண்டாம் பதிப்பு வெளிவந்தது 1934-இல்; முதலியார் 1931-இலேயே மறைந்துவிட்டார்.

இனி, மொழிஞாயிறு பாவாணர். திருச்சிராப்பள்ளியில் பள்ளித் தமிழாசிரியராயிருந்தபோது, 1940-இல், ஒப்பியன் மொழிநூலை வெளிக்கொணர்ந்தார். பள்ளியாசிரியன் ஊதியம் இற்றென்று இங்குள்ள ஆசிரியர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1961-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணி நீங்கிற்று. 1963-இல் வாழ்க்கைத் துணைவியார் நேசமணி அம்மையார் மறைந்தார். நிலையான வருவாயின்றிக் காட்டுப்பாடியிலிருந்த அந்த ஆண்டுகளிலேதான், 1966-இல், தமிழே உலக முதற்றாய்மொழி என ஆங்கிலத்தில் நிறுவும் பெருநூலை வெளியிட்டார். வெளியீட்டகத்தின் பெயர் நேசமணி பதிப்பகம்! மனைவியின் பெயரை நூலின் முகப்பில் காண்போர், அக் குடும்பம் எதனையெல்லாம் விட்டுக்கொடுத்து அந்நூல்கள் அச்சேறின என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர் நூல்களுக்காகப் பணமுடை தாங்கி உதவியவர் பெரும்பாலும் செல்வரல்லர். இவ்வியக்கத்து எளிய அன்பரே. அரசு அகரமுதலித் திட்டத்திற்கு அவரை இயக்குநராக அமர்த்தியது 1974-இல். அப்போது அவருக்கு அகவை 72. அவர் மறைந்தது 1981. முதல் மடலத்தின் முதற்பகுதி அச்சாகி வந்தது 1985.

இவ்விடத்தில் கசப்பான ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்ப்பகைவர் தமிழ்நூலை வாங்காமை இயல்பு. தமிழன்பர் வாங்காமையன்றோ வியப்பு? ஆசிரியரைக் கண்டதும், "ஐயா, எனக்கோர் அன்பளிப்புப் படி இல்லையா?" என்று கேட்பவர் பெரும்பாலும் நம்மவரே. அவருக்குப் படி கொடாவிடில் வருத்தம், கொடுத்தாலோ படிப்பதில்லை. மாநாட்டில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் தடையின்றிச் செலவாகின்றது. அப் பந்தலின் ஒதுக்கிடத்தில் பலகை போட்டு நூல் விற்கும் இளைஞன், மாலையில் அதே கட்டுகளை மீண்டும் கயிற்றால் கட்டுகின்றான். அவன் பேருந்துக் கட்டணமும் அடக்கவிலையிற் சேரும் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

கடைவழி விற்பது எளிதெனக் கருதற்க. நூறு உருபா விலையில் முப்பதோ நாற்பதோ விற்பனைக்கழிவாகப் போகும். எஞ்சியதும் நூல் விற்ற பின்னரே, பல திங்கள் கழித்து, பல மடல் எழுதிய பின்னரே கைக்கு வரும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டுவரியோடு நூலகவரியும் தண்டப்படுகிறது. பொதுநூலகங்கள் நூல் வாங்குகின்றன. ஆனால் பன்னெடுங்காலம் விலை தீர்க்கப்பட்டது படிவக் கணக்கால். முப்பதாண்டு ஆராய்ந்த வேர்ச்சொல் நூலின் படிவமும் ஒரே கிழமையில் எழுதிய கதையின் படிவமும் ஒரே விலை. தாளை நிறுத்தார், தலையை நிறுத்தாரல்லர்.

கணிப்பொறி வந்தபின் ஈயவெழுத்தும் பிரித்துப்போடும் தொல்லையும் ஒழிந்தன. இன்று நூறு படியும் ஐம்பது படியுங்கூட அச்சிடலாம். கட்டிலின் கீழே கறையானுக்கு உணவில்லை. இது மெய்யான நன்மை. ஆயினும் சிறுதொகையாக அடிக்கும்போது ஒரு படியின் செலவு உயர்வே. 2017-இல் வந்த சரக்குச் சேவை வரியில் அச்சிட்ட நூலுக்கு வரியில்லை; தாளுக்கு 12 விழுக்காடு இடப்பட்டது. நூலுக்கு வரியில்லாமையாலேயே, தாளுக்குக் கொடுத்த வரியைப் பதிப்பாளன் திரும்பப் பெறவும் வழியில்லை. அஃது அடக்கவிலைக்குள் ஒளிந்துகொள்கிறது.

1920-இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் ஒருவர் பொருளால் நடவாமல் பலர் பங்குப்பணத்தால் நிறுவப்பட்டதன் கரணியம் இப்போது விளங்கும். அத்துணைப் பெரிய முயற்சி ஒவ்வோர் ஊரிலும் இயலாது. முன்பணம் இயலும். ஒரு நூல் அச்சுக்குப் போகுமுன் முந்நூறு பேர் விலையைக் கட்டிவிட்டால், அச்சுக்கோப்புக்கும் தாளுக்கும் ஆசிரியன் கடன் வாங்க வேண்டுவதில்லை, கடைக்கழிவும் இல்லை. முந்நூறு பேர் என்பது முப்பது ஊரில் ஊருக்குப் பத்துப் பேர். அப் பத்துப் பேரின் பெயரை எழுதும் சுவடியை அடுத்த கூட்டத்தில் வாயிலருகே முதலில் வையுங்கள். பொன்னாடை பிறகு வரட்டும்.