கையடக்கத் திரையில் வானிலை

நாளை மழை பெய்யுமா என்னும் வினாவுக்கு விடை தேடி முன்னாளில் மக்கள் வானத்தை நோக்கினர். பின்னர் வானொலிக்குச் செவிசாய்த்தனர். இன்று பலர் கைத்தொலைபேசியின் திரையை நோக்குகின்றனர். ஒரு முகில், அதன் கீழே மூன்று துளிகள், பக்கத்தில் 40 வீதம் என்றோர் எண். சிறுபிள்ளையும் பார்த்தறியலாம் என்று தோன்றும். பொருள் கொள்ளப் புகும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகின்றது.

அந்த 40 வீதம் எதனைக் குறிக்கின்றது? பகலில் அத்தனை பங்கு நேரம் மழை பெய்யும் என்பதையா? ஊரில் அத்தனை பங்கு நிலம் நனையும் என்பதையா? இரண்டுமன்று. நாளையைப் போன்ற நிலைமையுள்ள நாட்கள் பத்து வருமாயின், அவற்றுள் ஏறக்குறைய நான்கில் அவ்விடத்தில் மழை விழும் என்பதே கணிப்பாகும். ஜேர்மனிய உளவியலறிஞர் கெர்ட் கிகரென்சரும் அவருடைய துணைவர்களும் இத்தகைய எண்ணின் பொருளை ஐந்து நகரங்களில் வினவி, 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நியூயோர்க்கில் மாத்திரமே பெரும்பாலோர் சரியான பொருளைத் தெரிந்தெடுத்தனர். அம்ஸ்ரடாம், ஏதென்ஸ், பேர்லின், மிலான் ஆகிய நகரங்களில் அதனை நேரத்தின் பங்காகக் கொண்டோரே மிகுதி. அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதி தொட்டே மழைவாய்ப்பு எண்ணால் அறிவிக்கப்பட்டு வருகின்றது. பழக்கம் கற்பித்தது போலும்!

மழை எவ்வளவு, எப்பொழுது என்பவற்றை அவ்வெண் சொல்லாது. முற்றத்தில் நெல்லைக் காயப்போட்ட குடும்பத்துக்கு வேண்டியது வேளையன்றோ? பிற்பகலில் இடியோடு ஒருமணி நேரம் கொட்டி ஓயும் சித்திரை மழைக்கும், நாள் முழுதும் விடாது பெய்யும் கார்த்திகை மழைக்கும் ஒரே படந்தான். மணிவாரியான கணிப்பு செயலிகள் பலவற்றில் உண்டு. எனினும் அதனைத் தேடித் திறப்போர்க்கே அது கிடைக்கும்.

காற்றின் கதை இதனினும் பாரதூரமானது. ஒரு செயலி வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரில் காட்டும். மற்றொன்று வினாடிக்கு மீற்றரில். வேறொன்று கடல்மைல் கணக்கில். வினாடிக்கு 15 மீற்றர் என்பது மணிக்கு 54 கிலோமீற்றர். அலகைக் கவனியாது 15 என்பதை மட்டும் பார்த்த கடற்றொழிலாளி அதை இளங்காற்றென்று எண்ணிப் படகைத் தள்ளிவிடக்கூடும்.

இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிகளுக்கான அறிவித்தலில் காற்றின் வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரிலேயே கூறுகின்றது. செயலியின் அமைப்புப் பகுதியில் அலகையும் அவ்வாறே மாற்றிவைத்தால், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கலாம். வீட்டிலுள்ள இளையோர் ஒருவர் ஒருமுறை செய்துகொடுத்தாற் போதும்.