கொழுந்து மலையில் நடக்கப் போகிறவர்களுக்கு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விடுமுறைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் 'பீக்கோ ட்ரெயில்' நடக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பாதை. சுமார் 300 கிலோமீற்றர், 22 பகுதிகள். வெள்ளைக்காரர் காலத்துத் தோட்ட வழிகளைத்தான் இணைத்திருக்கிறார்கள். நல்ல பாதை, போங்கள். அதற்கு முன் எங்கள் வகுப்பில் ஐந்து பேர் செய்த மடத்தனத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நாங்கள் நடந்தது இரண்டாவது பகுதி. கலஹாவிலிருந்து லூல்கந்துர வரை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம் அது. வான் கொழும்பில் பிடித்தோம். வழிகாட்டி கொழும்பு, சாப்பாட்டுப் பெட்டி கொழும்பு, தண்ணீர்ப் போத்தலும் கொழும்பு. அட்டைக்குப் பூசும் சவர்க்காரத்தைக்கூட மறக்கவில்லை!

வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு லயத்து இஸ்தோப்பில் ஒதுங்கினோம். வீட்டுப் பாட்டி பலகை போட்டு உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ தந்தார். காசு நீட்டினோம், வாங்கவில்லை. "பாதை காட்டவா கொழும்புலயிருந்து ஆளு கூட்டியாந்தீங்க? ஏம் பேரனுக்கு இந்த மல முழுக்கத் தெரியும்மா. அவன் கொழும்புல கடையில நிக்கிறான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழிகாட்டித் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவரில் என்ன பிழை, அழைத்து வந்தது நாங்கள்தானே. அன்று ஐந்து பேரும் செலவழித்ததில் ஒரு சதமும் அந்த மலையில் தங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களை நிறுத்திப் படம் எடுத்தோம். பல தோட்டங்களில், நிர்ணயித்த கிலோ நிறையாவிட்டால் அன்றைக்கு 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். 2024 இல் கூட்டியபோதும் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாகத்தான் இருந்தது. நாங்கள் சிரிக்கச் சொல்லி நிறுத்திய நேரமெல்லாம் அவர்கள் நிறையிலிருந்து போனது. "நூறு ரூபா தாங்கம்மா" என்று ஒருத்தி கேட்டபோது எங்களில் ஒருத்தி முகம் சுளித்தாள். அது நான்தான்.

மறுமுறை போனபோது தோட்டத்து இளைஞர் ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்து, கூலியை அவர் கையிலேயே கொடுத்தோம். பாட்டியின் பேரன் அல்ல, அவர் இன்னும் கொழும்பில்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டில் சொல்லிவைத்தோம்: ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு. கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். முதல்முறை கேட்ட கதை டெய்லரோடு நின்றது. இந்தத் தம்பி சொன்னதோ, தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களின் கதை. வழியிலேயே இறந்துபோனவர்கள் எத்தனையோ பேர். அதைக் கேட்டபின் கால் வலிக்கிறது என்று எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஓகஸ்டில் மூன்றாவது பகுதி, லூல்கந்துரவிலிருந்து தவலந்தென்ன வரை. வர விரும்புவோர் பதிவு மேசையில் பெயர் கொடுங்கள். சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. மாற்றிய காசு கொண்டு வாருங்கள், தோட்டத்துக் கடையில் ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் மிச்சம் தர இராது.