தாலி கட்டும் நேரத்தில் எந்தக் கேமரா?



ஒரு சிறிய கேமரா நிறுவனத்தால் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களைத் தன் பக்கம் ஈர்க்க முடியுமா? தரம் இருந்தால் முடியும் என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார். தரம் மட்டும் போதாது என்பது என் கட்சி. சான்றுக்கு ஜப்பானின் சிக்மா நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1961ஆம் ஆண்டு மிச்சிஹிரோ யமாக்கி தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. லென்ஸ் செய்து பெயரெடுத்தவர்கள், 2002ஆம் ஆண்டில் எஸ்டி9 என்ற கேமராவைக் கொண்டுவந்தார்கள். அதனுள் இருந்த ஃபோவியான் சென்சார்தான் புதுமை.

சாதாரண இலக்கவியல் கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே பதிவு செய்யும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கேமரா ஊகித்துக்கொள்ளும். ஃபோவியானில் அந்த ஊகம் இல்லை. சிலிக்கனுக்குள் நீல ஒளி மேலேயே நின்றுவிடும், பச்சை சற்றுக் கீழே போகும், சிவப்பு ஆழம் வரை இறங்கும். இந்த இயல்பை வைத்து ஒரே இடத்தில் மூன்று அடுக்காக மூன்று நிறங்களையும் பிடித்தார்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பட்டுச்சேலையின் இழையை எண்ணிவிடலாம் போலிருக்கும். மறுக்கவே முடியாத தரம்!

ஆனால், வெளிச்சம் குறைந்தால் படம் மணல் தூவியது போல் ஆகிவிடும். எடுத்த படத்தை அட்டையில் எழுதி முடிக்கக் கேமரா நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். கேனன், நிக்கோன் லென்ஸ்களை அதில் மாட்டவும் முடியாது. மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டிவிட்டது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார், கேமராவோ இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது என்றால்? மறுபடி ஒருமுறை கட்டுங்கள் என்று கேட்க முடியுமா?

எங்கள் நிகழ்ச்சியின் ஒளிப்பதிவாளர் அண்ணன் வார இறுதிகளில் கல்யாணப் படம் எடுக்கிறார். ஒருமுறை கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருடைய கேமரா படுத்துவிட்டது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பழுதுபார்க்க மூன்று வாரம் ஆகும் என்றார்களாம். கடன் வாங்கிய கேமராவோடு ஓடினார். "படம் நல்லா வருமான்னு நான் பார்க்கிறதில்ல தங்கச்சி. கெட்டுப்போனா நாளைக்குக் காலையில இன்னொண்ணு யாரு தருவாங்கன்னுதான் பார்ப்பேன்" என்றார் என்னிடம். கேனனும் நிக்கோனும் ஒலிம்பிக் போட்டி நடக்கும் இடத்திலேயே சேவை மையம் திறந்து, பழுது பார்த்துத் தருவதும் லென்ஸ் இரவல் கொடுப்பதும் இதற்காகத்தான். சிறிய நிறுவனம் அதற்கு எங்கே போகும்?

விலையிலும் சிக்மா சறுக்கியது. 2011ஆம் ஆண்டில் எஸ்டி1 கேமராவுக்கு அமெரிக்காவில் அறிவித்த விலை 9,700 டாலர். ஏறக்குறைய அதே விலைக்கு, அதைவிடப் பெரிய சென்சார் கொண்ட பென்டாக்ஸ் 645டி கிடைத்தது. மறு ஆண்டே எஸ்டி1 மெரில் என்று பெயர் மாற்றி, சுமார் 2,300 டாலருக்கு இறக்கினார்கள். முதலில் வாங்கியவர்களுக்கு ஈடாகச் சிக்மா பொருள்கள் வாங்கப் புள்ளிகள் தந்தார்கள். நேர்மையான செயல்தான். ஆனாலும் கேமராவை நம்பிக் குடும்பம் நடத்துபவர் அடுத்த முறை யோசிக்கத்தானே செய்வார்?

வேடிக்கை என்னவென்றால், அதே 2012ஆம் ஆண்டில்தான் 35 மில்லிமீட்டர் ஆர்ட் லென்ஸ் வெளிவந்தது. அதைக் கேனனுக்கும் நிக்கோனுக்கும் பொருந்தும்படி செய்தார்கள். விலையும் அவ்விரு நிறுவனங்களின் அதே வகை லென்ஸைவிடக் குறைவு. கேமராவைத் தொடாத படப்பிடிப்பாளர்கள் இதைத் தேடி வாங்கினார்கள். கையிலிருப்பதைத் தூக்கியெறியச் சொல்லாமல் அதனோடு சேர்ந்துகொண்டது அல்லவா!

சிக்மாவும் இதைப் புரிந்துகொண்டது என்றே நினைக்கிறேன். 2018ஆம் ஆண்டில் லைக்கா, பானாசோனிக் நிறுவனங்களோடு கைகோத்து, மூவரின் லென்ஸும் மூவரின் கேமராவுக்கும் பொருந்தும் ஏற்பாட்டில் சேர்ந்தது. அந்த ஏற்பாட்டில் 2019ஆம் ஆண்டில் வந்த எஃப்பி கேமராவில் ஃபோவியான் இல்லை, வழக்கமான சென்சார்தான். 2020ஆம் ஆண்டில் வரும் என்று சொன்ன பெரிய ஃபோவியான் கேமரா வரவில்லை. மறு ஆண்டு, அதை அடிப்படையிலிருந்து மீண்டும் தொடங்குவதாக அறிவித்தார்கள்.

நம் ஒளிப்பதிவாளர் அண்ணனின் பையை நேற்று எட்டிப் பார்த்தேன். சிக்மா லென்ஸ் இரண்டு இருந்தன. கேமரா வேறு நிறுவனத்தினுடையது.