சக்கரமும் சூளையும்: மாணவச் சிற்பிகளின் கைம்மொழி

(மாரண்டஹள்ளி இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)

சொல்லை ஆள்பவர்கள் கூடியிருக்கும் அவையில், மண்ணையும் கல்லையும் ஆளக் கற்கும் மாணவர்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். தகடூர் மண்ணில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. இம்மண்ணை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் வீரத்தைப் பகைவர்க்கு உணர்த்த முற்பட்ட ஒளவையார், யானையையோ புலியையோ அங்கே உவமை காட்டவில்லை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் அமர்ந்து செய்த ஒற்றைச் சக்கரத்தையே காட்டினார். அது புறநானூற்றின் 87ஆம் பாட்டு. விரைந்து செய்யத் தெரிந்தவன் விரையாமல் செய்த பொருளுக்கு உள்ள உறுதியை அந்தப் புலவர் அறிந்திருந்தார். கைவினைஞனின் பட்டறையைக் கண்ணூன்றிப் பார்த்த ஒருவருக்கே அத்தகைய உவமை தோன்றும்.

அதே அதியமான் மறைந்தபின் அவர் பாடிய 232ஆம் பாட்டில் நடுகல்லும் வருகிறது, சிறு கலமும் வருகிறது. மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், கல்லாகி நின்று சிறு கலத்தில் வார்க்கும் கள்ளைக் கொள்வானோ என்று அவர் கலங்குகிறார். சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் நேரே குயவனை விளித்துப் பாடினார். அம்மன்னனின் புகழுக்கு ஏற்ற தாழியை வனைவதென்றால், நிலத்தையே சக்கரமாகவும் மலையையே மண்ணாகவும் கொள்ள உன்னால் இயலுமோ என்று கேட்டார். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைவிடத் தோற்ற சேரனே நல்லவன் என்று துணிந்து பாடிய பெண்பாற் புலவரோ, வெண்ணிக் குயத்தியார் என்றே பெயர் பெற்றார். அக்காலத்தில் சக்கரத்துக்கும் ஏட்டுக்கும் இடையே சுவர் இருந்ததாகத் தெரியவில்லை. சுவர் பின்னர் எழுந்தது. அச்சுவரைத் தமிழ்நாட்டின் கலை மாணவர்கள் எவ்வாறு தாண்டினர் என்பதே இவ்வுரையின் பொருள்.

சென்னையில் 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி எனப்படும் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. அப்பள்ளியில் மண் முதலிலிருந்தே இடம்பெற்றிருந்தது. ஆனால் அது உள்ளத்தைச் சொல்வதற்கான மண் அன்று. பயன்படு பொருள்களுக்கான மண். ஓடும் செங்கல்லும் பானையும் நன்றாகச் செய்யத் தெரிந்த கைகளை உருவாக்குவதே அன்றைய நோக்கமாக இருந்தது. மாணவன் என்ன உணர்கிறான் என்று கேட்பார் எவரும் அன்று இலர்.

1930ஐ ஒட்டி தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் தலைமையை ஏற்றார். 1957 வரை அப்பொறுப்பில் இருந்தார். மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பு என்பதை அனைவரும் அறிவர். அவர் காலத்தில் சிற்பம் தனித்தன்மையுள்ள கலையாகப் பயிலப்பட்டது. எனினும் அங்கும் மண்ணுக்கு ஒரு குறை இருந்தது. வெண்கலச் சிலை செய்வோர் முதலில் களிமண்ணில் உருவைப் பிடிப்பர். அதன்மேல் சாந்து பூசி அச்செடுப்பர். அச்சு கிடைத்ததும் களிமண் மீண்டும் தொட்டிக்கே போய்விடும். ஆக, சுட்டமண் பயிலும் கூடத்தில் மண் நிலைத்தது, ஆனால் கலமாக மட்டும். சிற்பம் பயிலும் கூடத்தில் மண் உருவம் பெற்றது, ஆனால் நிலைக்கவில்லை. மாணவர்கள் செய்தது இதுதான்: முன்னதன் சூளையையும் பின்னதன் உருவத்தையும் ஒன்றுசேர்த்தனர். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்தச் சேர்க்கைக்குத் தலைமுறைகள் ஆயின.

அப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, பின் அங்கேயே ஆசிரியராகவும் முதல்வராகவும் விளங்கியவர் எஸ். தனபால். 1919இல் பிறந்து 2000இல் மறைந்த அவர், ஓவியத்திலிருந்து சிற்பத்துக்கு வந்தவர், நடனமும் பயின்றவர். அவருடைய சிற்பங்களில் உடல் நிற்பதில்லை, அசைகிறது. மேலை நாட்டு உடற்கூற்றுப் பயிற்சியோடு நின்றுவிடாமல், எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளையும் நாட்டுப்புற உருவங்களையும் பாடமாகக் கொண்ட ஒரு தலைமுறை அவரைச் சுற்றி வளர்ந்தது. கோயில் கவசங்களில் காணும் தகட்டு வேலையைத் தம் மொழியாக்கிக்கொண்ட பி.வி. ஜானகிராமும், ஸ்தபதி மரபில் பிறந்த வித்யாசங்கர் ஸ்தபதியும் அப்பள்ளியின் மாணவர்களே. குலத்தொழில் என்றும் கோயில் வேலை என்றும் ஒதுக்கப்பட்டதைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து, அதில் தம் முகத்தைக் கண்டவர்கள் அவர்கள்.

ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரின் வழிகாட்டுதலில், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. அதன் வரலாற்றில் இந்த அவை கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஓவியங்களும் சிற்பங்களும் விலைபோகாத நாளில், அவர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றே நிலம் வாங்கினர், அடுப்பெரித்தனர். கைவினை தாழ்ந்தது என்று எண்ணியிருந்தால் அந்தக் கிராமம் எழுந்திராது.

சுவர் தாண்டியவர்களுள் இப்பகுதியினர் தம் அண்டை ஊரார் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கவர் சி. தட்சிணாமூர்த்தி. 1943இல் குடியாத்தத்தில் பிறந்தவர். ஓவியம் பயின்று, சென்னைக் கல்லூரியின் சுட்டமண் துறையில் ஆசிரியராகித் தலைமையும் ஏற்றவர், லண்டன் சென்று கல் செதுக்கும் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், 2016இல் மறைந்தார். சுட்டமண்ணிலும் கருங்கல்லிலும் அவர் படைத்த பெண் உருவங்களும், நெருங்கி நிற்கும் முகங்களும் கிராமத்துக் காவல் தெய்வங்களின் அமைதியை உடையவை. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு அவருடைய கற்சிற்பங்களைக் காண்பவர்க்கு, ஒரே குடும்பத்து முகங்களைக் காண்பது போன்ற உணர்வு எழும். கலம் செய்யக் கற்பிக்கும் துறையிலிருந்து அத்தகைய சிற்பி ஒருவர் எழுந்தார் என்பதே அங்கே பயின்ற மாணவர்களுக்குப் பெரும் பாடமாயிற்று.

மாணவனுக்கு மண் கற்பிப்பது என்ன? கவிஞர்களுக்கும் பயன்படும் செய்தி ஆகையால் சற்று விரிவாகக் காணலாம். ஈர மண்ணில் செய்த உருவம் உலர்ந்து சுடப்படும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே சிற்பி இன்று கைக்குள் இருப்பதை அல்லாமல், நாளை இருக்கப்போவதை மனத்தில் கொண்டு வனைய வேண்டும். உருவத்தின் உள்ளே ஈரம் தங்கியிருந்தால், சூளையின் வெம்மையில் அது ஆவியாகி உருவத்தைச் சிதறடிக்கும். ஆகவே பெரிய உருவங்களின் உள்ளே வெறுமை வேண்டும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கடந்தபின் மண் மீண்டும் சேறாகாது. அதுவரை எந்தத் தவற்றையும் நனைத்துக் குழைத்துத் திருத்தலாம். அதன்பின் உடைக்கலாம், திருத்த இயலாது. தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று குன்றிப்போகும் பதினெட்டு வயது மாணவன், மூன்று வாரம் உழைத்த உருவம் சூளையில் வெடித்துக் கிடப்பதைப் பார்த்து, அந்தச் சில்லுகளைப் பொறுக்கி, எங்கே கனம் மிகுந்தது என்று ஆராயத் தொடங்கும் நாளில் கலைஞனாகிறான். அவனை எவரும் கடிந்துகொள்ளவில்லை. நெருப்பு மட்டுமே விடை சொன்னது.

இந்த அறிவு கல்லூரிகளில் பிறந்ததன்று. அய்யனார் கோயில்களில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மண் குதிரைகளை எண்ணிப் பாருங்கள். கால்களைப் பானைபோல உள்ளே வெறுமையாக வனைந்து, உமியும் மணலும் கலந்த மண்ணால் உடலைப் படிப்படியாக எழுப்பும் வேளார்கள், கல்லூரிப் பாடம் பல பருவங்களில் சொல்வதைத் தம் பிள்ளைகளுக்குத் திண்ணையிலேயே சொல்லிவிடுகின்றனர். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்கலைக்கூடம், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த மாணவர்களை உயர்வெப்பச் சூளையில் பயிற்றியது. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள வில்லியனூரில் மரபுவழிச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2018இல் ஜெய்ப்பூரில் மண்கலைக்கெனவே தேசிய அளவில் ஒரு பெருங்கண்காட்சி நடைபெற்றது. உலகம் மண்ணின் பக்கம் திரும்பிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆயினும் ஒரு முரண் எஞ்சுகிறது. கல்லூரி மாணவர் தம் உருவத்தின் அடியில் பெயர் பொறிக்கிறார். குதிரை செய்த வேளார் பொறிப்பதில்லை. நம் மாவட்டத்து நடுகற்களில் மன்னன் பெயர் உண்டு, ஆநிரை மீட்டு மாண்ட வீரன் பெயர் உண்டு. உளி பிடித்தவன் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்பெயரற்றவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று கலைக் கல்லூரியின் வாயிலை அடைகிறார்களா என்பதே பெருங்கேள்வி. கையில் வித்தை இருந்தும், அதற்குக் கல்லூரி ஒன்று உண்டு என்பதை அறியாமலேயே ஏதேனும் ஓர் ஆலைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் பாலக்கோடு வட்டத்திலும் இருப்பர். அவர்களுக்கு அந்த வழியைச் சொல்ல வேண்டியவர் பள்ளியின் ஓவிய ஆசிரியர். 2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேரமாக அமர்த்தப்பட்ட அத்தகைய ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்ட மாத ஊதியம் 5,000 ரூபாய். கலைக் கல்விக்கு நாம் தந்த மதிப்பை அத்தொகை சொல்லும்.

நம்பிக்கை கொள்ளவும் இடமுண்டு. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெறுகிறது. அதில் களிமண் வேலைப்பாடும் ஒரு போட்டி. 2024இல், மண்பாண்டத் தொழிலாளர்கள் ஏரி, குளங்களிலிருந்து வட்டாட்சியரின் அனுமதியோடு கட்டணமின்றி மண் எடுக்க அரசு வழிசெய்தது. ஆனால் போட்டிக்கெனச் சில மணி நேரத்தில் பிள்ளைகள் செய்யும் உருவங்கள் சுடப்படுவதில்லை. பரிசு அறிவித்தபின் அவை உலர்ந்து, விரிசல் கண்டு, உதிர்ந்துபோகின்றன. தான் செய்தது நிலைத்து நிற்பதைக் காணாத பிள்ளை, அடுத்த உருவத்தைச் செய்ய ஏன் ஆசைப்பட வேண்டும்?

கவிஞர் பெருமக்களே, பத்தாண்டுகளாகக் கவிதைகளைப் படித்தும் திருத்தியும் அச்சேற்றியும் வந்துள்ளது இந்த வட்டம். அச்சேறிய முதற்கவிதையைக் கையில் வாங்கிய இளைஞரின் முகத்தை உறுப்பினர்கள் பலமுறை கண்டிருப்பர். மண்ணுக்கு அச்சு என்பது சூளை. கார்த்திகை அகலுக்கும் பொங்கல் பானைக்கும் சூளை மூட்டும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அடுத்த கார்த்திகைக்குச் சூளை அடுக்கும்போது, அகல்களுக்கு நடுவே பத்துப் பிள்ளைகளின் உருவங்களுக்கும் இடம் கேட்டு வாங்கலாம். சுட்ட உருவங்களின் அடியில் பிள்ளையின் பெயரோடு, சூளை மூட்டிய குயவரின் பெயரையும் பொறிக்கலாம். அவ்வுருவங்கள் இந்த வட்டத்தின் பதினோராம் ஆண்டு விழா மேடையில் நூல்களுக்கு அருகே வைக்கப்படுமானால், வெண்ணிக் குயத்தியாருக்கு இந்த அவை செலுத்தும் நன்றியாக அது அமையும்.