தேடாமல் வரும் செய்திகள்

 

நமது சித்தாண்டிக்குத் தெற்கேயுள்ள அம்பாறையில், 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென வதந்தி எழுந்து, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக்கட்டியே எனப் பின்னர் அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. அதற்குள் காணொளி பேஸ்புக்கில் பரவிவிட்டது. மார்ச்சில் திகனயில் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

கருத்துரையும் பகிர்வும் மிகுந்தவற்றை முற்படுத்துமாறு பேஸ்புக்கின் கணிப்புமுறை அவ்வாண்டு ஜனவரியிலேதான் மாற்றப்பட்டிருந்தது. வெறுப்புடன் எழுதுவதும் அதன் கணக்கில் கருத்துரையே! 2020 மே மாதம் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைக்காரருக்கு அதனால் என்ன பயன்?

செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கின்றது. எச்செய்தி வரவேண்டும் என்பதையே இயந்திரமல்லவா இன்று தீர்மானிக்கின்றது? பெற்றோர்களே, பிள்ளைகளின் கைபேசியில் அவர்கள் தேடாமலே வந்து நின்றவை எவையென இன்றிரவு அருகிலமர்ந்து கேளுங்கள்.